முல்தானி மட்டி: காய்ந்து வெடிக்கும் வரை வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது. முகத்தில் எண்ணெய் வழியும், பருவும் உண்டு. ஆயா சொன்னபடி முல்தானி மட்டியில் எலுமிச்சைச் சாறு பிழிந்து 2 மாதமாகத் தினமும் பூசுகிறேன். காய்ந்து வெடிக்கும் வரை வைப்பேன். இப்போது முகம் எரிகிறது, கன்னத்தில் தோல் உரிகிறது. கர்ப்பமாக இருக்கும் என் அக்கா அந்தக் கட்டியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்கிறாள். தப்பா?
வாசகி, பெரம்பூர்

பதில்: முதலில் எலுமிச்சையை நிறுத்துங்கள். உங்கள் எரிச்சலுக்கு மண்ணைவிட அதன் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். நம் தோலே லேசான அமிலத்தன்மை கொண்டது. ஆனால் எலுமிச்சைச் சாற்றின் அமிலம் அதைவிடப் பல மடங்கு கடுமையானது. அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் சிவந்து, கொப்பளித்து, பழுப்புத் திட்டாகவே தங்கிவிடலாம். சென்னை வெயிலில் வெளியே போய்வரும் யாருக்கும் இந்தச் சோதனை வேண்டாம்.

ஆயா சொன்ன மண்ணில் குறையில்லை. பாகிஸ்தானிலுள்ள முல்தான் ஊரின் பெயரைத் தாங்கிய இந்தக் களிமண்ணுக்கு எண்ணெயை உறிஞ்சும் குணம் உண்மையிலேயே உண்டு. ஆட்டு ரோமத்தின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க அந்தக் காலத்திலேயே இப்படிப்பட்ட மண்ணைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அது எடுப்பது தோலின் மேலே நிற்கும் எண்ணெயை மட்டும்தான். எண்ணெய்ச் சுரப்பி ஹார்மோன் சொல்படி நடப்பது; எத்தனை முறை பூசினாலும் அது குறையாது. நிறமும் மாறாது.

2 வாரம் மண்ணும் பூச வேண்டாம். மென்மையான ஃபேஸ் வாஷ், எண்ணெய் இல்லாத மாய்ஸ்சரைசர், பகலில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் போதும். பருவுக்கு அடபலீன் மாதிரி ஜெல் போடுகிறீர்களா? அதுவும் தோலை உலர்த்தும் என்பதால், போட்டால் மண்ணே வேண்டாம்.

எரிச்சல் முழுதும் அடங்கிய பிறகு வாரம் ஒருமுறை, வெறும் தண்ணீரில் குழைத்து, நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் மெல்லிசாகப் பூசுங்கள். கண்ணாடியைப் பாருங்கள்: ஈரமாக இருக்கும்போது மண் அடர்நிறமாக இருக்கும், ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கும். ஓரம் வெளுத்து, நடுவில் இன்னும் ஈரம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் 5 நிமிடத்திலேயே அந்த நிலை வந்துவிடும். வெடிக்கும் வரை விட்டால் தோல் வறண்டு இழுக்கும். அதைத் தேய்த்து எடுக்கும்போதுதான் கன்னம் உரிகிறது. நனைத்த துணியை ஒரு நிமிடம் முகத்தில் போட்டு வைத்தால் மண் தானாக இளகிவிடும். ஒரு மாதத்துக்குப் பிறகும் எரிச்சல் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, உங்கள் அக்கா விஷயம். உங்கள் முகத்தைவிட எனக்கு இதுதான் கவலை. கர்ப்ப காலத்தில் மண் வாசனைக்கு நாக்கு ஊறுவது பல பெண்களுக்கு வருவதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. பல நேரம் அது ரத்தசோகையின் அடையாளம். ஆனால் மண்ணில் ஈயம் கலந்திருக்கலாம். ஈயம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். சாப்பிட்ட இரும்புச்சத்து உடலில் சேரவிடாமல் மண்ணே தடுக்கவும் கூடும். அவரைத் திட்டாதீர்கள். இந்த வாரமே பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அவர் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடமோ கூட்டிப்போய், மண் தின்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் அதற்கான சிகிச்சையைத் தொடங்குவார்கள். அதுவரை அந்த மட்டி டப்பாவை அவர் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.