அணு ஆயுத நெருக்கடிக்குப் பின் மக்கள் தலைவர்களை நம்பத் தயங்குவது ஏன்?

தலைவர்கள் சொல்வதற்கும் நடப்பதற்கும் இடையே மக்கள் உணரும் தூரமே நம்பக இடைவெளி எனப்படுகிறது. உளவுப் படங்களும் பேரங்களும் ஒரு சிலர் கையில் மட்டும் இருக்க, எதையும் சரிபார்க்க வழியில்லாத கோடிக்கணக்கானோரின் உயிர் அதில் பணயமாவதே இதன் வேர். 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் கண்டறியப்பட்டபோது, அமெரிக்க அதிபர் கென்னடி சிகாகோ பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு வாஷிங்டன் திரும்பியதற்குச் சளியே காரணம் என்று செய்தியாளர்களிடம் கூறப்பட்டது. கியூபாவிலிருந்து அவற்றை விலக்கிக்கொள்வதற்கு ஈடாக, துருக்கியிலிருந்த அமெரிக்க ஜூபிட்டர் அணு ஏவுகணைகளை அகற்றுவதாக சோவியத் தரப்புக்கு அளித்த வாக்குறுதியோ பல ஆண்டுகள் மறைக்கப்பட்டது. ரகசியம் அன்று தேவைப்பட்டிருக்கலாம் என்றே நானும் கருதுகிறேன். ஆனாலும், அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே காத்திருந்தவரிடம் மருத்துவர் ஒருமுறை உண்மையை மறைத்தது பின்னர் தெரியவந்தால், அடுத்த முறை அவர் மெய்யே சொன்னாலும் மனம் எளிதில் ஏற்காது. நெருக்கடி நாட்களிலேயே அவநம்பிக்கை வெடித்துவிடும் என்று பலர் எண்ணுவது சரியன்று. அப்போது கென்னடிக்கு மக்கள் ஆதரவு உயரவே செய்தது.