வால்வு டெஸ்டரில் முள் ஏறுமாறாகக் காட்டினால்: கேள்வி பதில்

களுவாஞ்சிக்குடி: அண்ணன், ஈ.சி.சி.83 (ஒரே கண்ணாடிக் குழாய்க்குள் இரு பாதியுள்ள அம்ப்ளிஃபயர் வால்வு) ஒன்றில் ஒரு பக்கம் நல்ல ரீடிங், மறுபக்கம் பூச்சியம். டெஸ்டர் பிழையா?

ஹீற்றரை, அதாவது உள்ளே சூடேற்றும் இழையை, பாருங்க தம்பி. 4, 5ஆம் பின்களைச் சேர்த்து 9ஆம் பின்னோடு 6.3 வோல்ட் கொடுத்தால் இரு பாதியும் தனித்தனியே எரியும். ஒன்று அறுந்தால் அந்தப் பக்கம் மட்டும் இருட்டு. 12.6 வோல்ட்டில், 4க்கும் 5க்கும் இடையில், அதே வால்வு முழுதாகச் செத்ததாகக் காட்டும். மீற்றரால் 9–4, 9–5 இரண்டையும் ஓம் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டும் சரியென்றால் சொக்கெட்டில் பின் தொடுகிறதா என்று பாருங்க.

அக்கரைப்பற்று: காக்கா, ஈ.எல்.84 பவர் வால்வு ஒன்று 125 வீதம் காட்டுது, முள்ளும் நடுங்குது. நல்ல வால்வுதானே?

புது வால்வு நூற்றைத் தாண்டுவது சாதாரணம். நடுக்கம்தான் யோசிக்க வைக்குது. ஈ.எல்.84க்கு ஜி.எம்., அதாவது கிரிட் என்ற கட்டுப்பாட்டு வலையில் ஒரு வோல்ட் மாறினால் அனோட் என்ற வெளித்தகட்டில் கரண்ட் மாறும் அளவு, 11 மில்லி அம்பியர்/வோல்ட்டுக்கு மேல். அதனால் டெஸ்டரின் நீள வயர்களில் வால்வு தானாகவே ஒசிலேட் ஆகத் (அலைவுறத்) தொடங்கும். கிரிட் பின்னுக்கு ஒட்டியபடி 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்க. முள் அடங்கினால் வால்வில் குறையில்லை.

அடங்காவிட்டால் உள்ளே வாயு இருக்கலாம். 250 வோல்ட், கிரிட் மைனஸ் 7.3 என்று வைத்தால் அனோட்டில் சுமார் 48 மில்லி அம்பியர் ஓடணும். பவரை நிறுத்திவிட்டு கிரிட் வழியில் 470 கிலோ ஓம் சேர்த்து மறுபடி பாருங்க. கிரிட்டில் 1 மைக்ரோ அம்பியர் கசிந்தாலே பயஸ் (கிரிட்டின் மைனஸ் வோல்ட்) கிட்டத்தட்ட அரை வோல்ட் குறையும், அனோட் கரண்ட் 5 மில்லி அம்பியர் அளவில் கூடும். அப்படிக் கூடிக்கொண்டே போகும் வால்வை அம்ப்ளிஃபயரில் போட்டால் டிரான்ஸ்ஃபோர்மரையும் சேர்த்துக் கொண்டுபோகும். எமிஷன், அதாவது சூடான கதோட் எலெக்ட்ரோன் விடும் அளவு, மட்டும் பார்க்கும் மலிவு டெஸ்டருக்கு இதெல்லாம் தெரியாது.

கல்முனை: ஒரே வால்வு காலையில் 80 வீதம், இரவில் 65. எதை நம்புவது?

ஹீற்றர் வோல்ட்டை, வால்வு எரியும்போதே சொக்கெட்டில் அளங்க. 230 வோல்ட் கரண்ட் 210க்கு இறங்கினால் 6.3 என்பது 5.75 ஆகிவிடும், எமிஷன் குறைந்த வால்வு அதில் படுத்துவிடும். நல்ல வால்வு பெரிதாக அசையாது. பலகாலம் பெட்டியில் கிடந்ததென்றால் இருபது நிமிடம் சூடேறவிட்டுப் பிறகு முள்ளைப் பாருங்க.

மட்டக்களப்பு: ஒவ்வொருமுறை செருகும்போதும் வேறு ரீடிங்.

கடற்காற்றுப் பட்ட பின்கள். ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்டுத் துடைங்க. பின்னைக் கத்தியால் சுரண்டவோ வளைக்கவோ கூடாது, கண்ணாடியின் அடியில் கீறல் விழும்.

காத்தான்குடி: உச்சியில் வெள்ளிப் பூச்சு வெள்ளையாகிவிட்டது. டெஸ்ட் பண்ணலாமா?

காற்று உள்ளே போய்விட்டது. பவர் கொடுக்க வேண்டாம், வீசிவிடுங்க.