லாரியை ஓரங்கட்டினால்… வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: பெங்களூரு பீன்யாவிலிருந்து ஓசூருக்குப் பத்து வீல் வண்டியில் கம்பி லோடு. பில்லில் எடை சரியாகத்தான் இருந்தது. அத்திப்பள்ளி அருகே எடை போட்டு, ஓவர்லோடு என்று செல்லான் போட்டார்கள். பணம் கட்டியும் வண்டியை விடவில்லை. இது முறையா?

பதில்: முறைதான். கூடுதல் சரக்கை இறக்கும்வரை வண்டி நகரக்கூடாது என்று சொல்ல மோட்டார் வாகனச் சட்டத்தின் 114-வது பிரிவு இடம் தருகிறது. அபராத ரசீதைக் காட்டி அதே லோடோடு கிளம்ப முடியாது. இறக்கு கூலியும் இறக்கிய சரக்கின் பொறுப்பும் உங்களுடையவை. இதே மத்தியச் சட்டத்தின் 194-வது பிரிவில் அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) மொத்த எடை 28.5 டன் உள்ள வண்டி 31.5 டன் காட்டினால் 26,000 ஆகிவிடும். எடைக்கு வரமாட்டேன் என்று டிரைவர் முறைத்துக்கொண்டால் 40,000. போகும் வழியில் 10 கிலோமீட்டருக்குள் எடைமேடை இருந்தால் அங்கே போகச் சொல்லலாம். ஓவர்லோடுக்கு டிரைவரின் லைசென்ஸையே முடக்கவும் விதி உண்டு. முதலாளிகள் பலர் இதை டிரைவரிடம் சொல்வதே இல்லை.

பில் சரியாக இருந்தும் எப்படி மாட்டியது என்றால், அதில் இருப்பது சரக்கின் எடை மட்டும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையில் வண்டி, டீசல், தார்ப்பாய், கயிறு, ஸ்டெப்னி, டிரைவர், கிளீனர் எல்லாம் அடக்கம். 300 லிட்டர் டீசலே கால் டன் வரும். பாடிக்கு அப்புறமாகப் பற்றவைத்த இரும்புப் பட்டையையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டேங்க்கை நிரப்பி, காலி வண்டியை ஒருமுறை எடை போடுங்கள். ஆர்.சி.யின் மொத்த எடையிலிருந்து அந்தச் சீட்டில் உள்ளதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய லோடு.

கேள்வி: வழியில் வண்டி பிரேக்டவுன். வேறு லாரிக்கு லோடு மாற்றினோம். ஜி.எஸ்.டி. ஸ்குவாட் பிடித்துவிட்டது.

பதில்: லோடு மாறியதும் ஈ-வே பில்லில் (சரக்கோடு போகும் இணையச் சீட்டு) வண்டி விவரம் வரும் பார்ட் பி-யில் புது வண்டி எண்ணைப் போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 129-வது பிரிவு. சரக்கின் உரிமையாளர் முன்வந்து கட்டினாலும், வரி உள்ள சரக்குக்கு அபராதம் வரியைப் போல இரு மடங்கு. எண்ணில் ஓரிரு எழுத்து தவறியது மட்டும் என்றால் மத்திய, மாநில வரிக்குத் தலா 500 ரூபாயோடு முடிய வேண்டும், 2018-ம் ஆண்டின் 64/38 ஜி.எஸ்.டி. சுற்றறிக்கையைக் காட்டிக் கேளுங்கள். ஈ-வே பில் காலாவதியானால், முடிவதற்கு 8 மணி நேரம் முன்போ பின்போ நீட்டிக்கலாம். 30 நிமிடத்துக்கு மேல் நிறுத்திவைத்தால் அதை ஈ.டபிள்யூ.பி.-04 படிவத்தில் இணையத்தில் பதிவு செய்யலாம். ஒருமுறை சோதித்த சரக்கை, குறிப்பான தகவல் இல்லாமல் அதே மாநிலத்தில் மறுபடி சோதிக்கக்கூடாது.

கேள்வி: போனில் ஆர்.சி. போட்டோ இருந்தால் போதுமா?

பதில்: கேலரி போட்டோ செல்லாது. டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாஹன் என்ற அரசு செயலியில் காட்டுங்கள். ஆர்.சி., பெர்மிட், லைசென்ஸ் இல்லையென்றால் 207-வது பிரிவில் வண்டியையே பிடித்துவைக்கலாம். எஃப்.சி. (தகுதிச் சான்று) முடிந்த வண்டி பதிவில்லாத வண்டிக்குச் சமம். 8 வருடம் தாண்டிய லாரிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும்.