வாசகர் கேட்டவை: வடிகான் வெட்டுமுன் வருகிற ஆலோசகர்

வடிகாலமைப்புப் போன்ற நகரின் பொது வேலைகளுக்கு உள்ளூராட்சி மன்றங்கள் பொறியியல் ஆலோசகரை அமர்த்தும் முறையைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்கு இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். அது போதவில்லை என்பதைத் திருகோணமலையிலிருந்து வந்த கடிதங்கள் உணர்த்திவிட்டன. அவற்றுள் ஐந்தை இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சபையில் பொறியியலாளரும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களும் சம்பளம் பெற்றுக்கொண்டிருக்கையில், வெளியிலிருந்து ஆலோசகரைக் காசு கொடுத்து அழைப்பது வீண் செலவு அல்லவா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, மனையாவெளி)

பதில்: ஒழுங்கைக்குக் கொங்கிறீற்று இடுவதற்கும் உடைந்த மதகு மூடியை மாற்றுவதற்கும் அழைத்தால், ரீச்சர், அது வீண் செலவேதான். நகரம் முழுவதற்குமான வடிகாலமைப்பு அப்படிப்பட்டதன்று. ஒருபுறம் உள்துறைமுகமும் மறுபுறம் திறந்த கடலுமாக ஒடுங்கிக் கிடக்கிற நம் நகர்ப்பகுதியில், ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரி காலத்தில், அதாவது கடலும் கொந்தளித்து மணலைக் கரையில் குவிக்கிற அதே மாதங்களில் கொட்டுகிறது. கடலுக்குள் நீரை இறக்கக் கிடைக்கும் சரிவோ சில இடங்களில் அங்குலக் கணக்குத்தான். இதற்கு நகரெங்கும் மட்டம் எடுத்து, அதாவது நிலத்தின் உயர தாழ்வுகளை அளந்து, பல ஆண்டு மழைப் பதிவுகளைப் பார்த்து, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கு வடிகான் தாங்கவேண்டும் என்று முடிவு செய்து, வரைபடமும் அளவுப் பட்டியலும் ஆக்கவேண்டும். கட்டட அனுமதிக் கோப்புகளுக்கும் தெருவிளக்கு முறைப்பாடுகளுக்கும் இடையே ஓடித்திரிகிற இரண்டு மூன்று உத்தியோகத்தர்களிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கேள்வி: கேள்விப்பத்திரம் கோரி, ஆகக் குறைந்த விலை கேட்டவருக்குக் கொடுத்துவிட்டால் ஊழலுக்கு இடமிருக்காதே? அதை விட்டுவிட்டுப் புள்ளி போடுவது ஏன்? (வர்த்தகர், பிரதான வீதி)

பதில்: நீங்கள் கடைக்குச் சீமெந்து எடுக்கும்போது செய்கிற காரியம் அது, அங்கே சரியும்கூட. மூட்டையில் இருப்பது இன்னதென்று முன்பே தெரியும். ஆலோசகரிடம் நாம் வாங்குவது இன்னும் செய்யப்படாத சிந்தனையை. ஆகவேதான் இலங்கையில் ஆலோசகர்களைத் தெரிவதற்கென்றே 2007இல் தனி வழிகாட்டல்கள் வெளியாயின. அவற்றில் பல முறைகள் உண்டு. பரவலானது, தரத்தையும் விலையையும் சேர்த்து எடைபோடும் முறை. நிறுவனம் இரண்டு உறைகளைக் கொடுக்கும். தொழில்நுட்ப உறை முதலில் திறக்கப்பட்டுப் புள்ளி இடப்படும். ஆகக்குறைந்த தகுதிப் புள்ளியைத் தாண்டியவர்களின் விலை உறை மட்டுமே பின்னர் திறக்கப்படும். விலையில் ஆகக் குறைந்தவருக்கு 100 புள்ளி, மற்றவர்களுக்கு அந்த விகிதப்படி.

ஒரு கற்பனைக் கணக்குப் பார்ப்போம். ஒரு நிறுவனம் தொழில்நுட்பத்தில் 85 புள்ளி பெற்று 60 இலட்சம் ரூபா கேட்கிறது. மற்றது 75 புள்ளி பெற்று 45 இலட்சம் கேட்கிறது. விலைக்கு முதலாவது 75 புள்ளியும் இரண்டாவது 100 புள்ளியும் பெறும். நூற்றில் தரத்துக்கு 80, விலைக்கு 20 எடை என்று வைத்தால் முதலாவதற்கு 83, இரண்டாவதற்கு 80. தரம் 70, விலை 30 என்று மாற்றினால் முதலாவதற்கு 82, இரண்டாவதற்கு 82.5. உறைக்குள் ஒரு எழுத்தும் மாறவில்லை. வெற்றி பெற்றவர் மாறிவிட்டார். இந்த எடை முன்கூட்டியே ஆவணத்தில் அச்சாகியிருக்கவேண்டும் என்று விதி வற்புறுத்துவதன் காரணம் இதுதான். ஊழல் புகுகிற வாசலைத் தேடுகிறீர்கள் என்றால், புள்ளி போடுவதைக் குறை சொல்லாமல், புள்ளித் திட்டம் எப்போது எழுதப்பட்டது என்று கேளுங்கள்.

குறைந்த விலையின் விலையை என் சேவைக் காலத்தில் நேரில் கண்டிருக்கிறேன். கிழக்குக் கரையோரச் சபையொன்று, பெயர் வேண்டாம், ஆக மலிவாகக் கேட்டவரிடம் வடிகான் வரைபடத்தை ஒப்படைத்தது. அவர் மட்டம் எடுக்க ஆள் அனுப்பாமல், பழைய வரைபடமொன்றிலிருந்து உயரங்களைப் பிரதி பண்ணிக் கொடுத்திருந்தார். கட்டி முடிந்த வடிகானின் கடைவாயில் நான் மட்டக்கோலை நாட்டிப் பார்த்தபோது, வடிகானின் அடித்தளம் கடற்கரை மணல் திட்டைவிட ஒரு சாண் கீழே கிடந்தது. மார்கழி மழையில் நீர் கடலுக்குப் போகாமல் தேங்க, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில் கடதாசிக் கப்பல் விட்டார்கள். ஆலோசகருக்குக் கொடுத்த கட்டணத்தில் மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு, உடைத்துத் திரும்பக் கட்டுவதில் போயிற்று.

கேள்வி: பெயர்பெற்ற கொழும்பு நிறுவனம் வந்தால் நாம் கவலையின்றி இருக்கலாமா? (உவர்மலை வாசகர்)

பதில்: நிறுவனத்தின் பெயர் வெயிலில் நிற்காது, நிற்கப்போகிறவர் யார் என்று பாருங்கள். விண்ணப்பத்தில் 25 ஆண்டு அனுபவமுள்ள பட்டயப் பொறியியலாளரின் தகைமைகளைக் காட்டிப் புள்ளி பெற்றுவிட்டு, வேலைக்குப் புதிதாகப் பட்டம் பெற்ற பிள்ளையை அனுப்புவது இந்தத் தொழிலின் பழைய வியாதி. பெயர் குறிப்பிட்ட நிபுணரைச் சபையின் எழுத்துமூலச் சம்மதமின்றி மாற்றக்கூடாது என்றும், மாற்றினால் சம தகைமையுள்ளவரையே தரவேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். அரச நிறுவனமான மத்திய பொறியியல் உசாத்துணைப் பணியகத்தை அமர்த்தினாலும் இதே கண்டிப்பு வேண்டும்.

கேள்வி: வரைபடம் போட்ட நிறுவனமே கட்டவும் செய்தால் வேலை விரைவாக முடியுமே? (நிலாவெளி வாசகர்)

பதில்: முடியும். அளந்து பார்ப்பவரும் பணம் பெறுபவரும் ஒருவராகிவிட்டால், குறையை யார் எழுதுவது? வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஒன்றாகவே கேள்விகோரலுக்கு விடும் ஒப்பந்த வகை வேறு. அங்கேயும் மேற்பார்வைக்கு வேறொருவர் வேண்டும்.

கேள்வி: ஆலோசகர் என்னென்ன செய்யவேண்டும் என்று சொல்கிற பணி வரையறை சபையின் உள்வீட்டு ஆவணம் என்கிறார்கள். அதைப் பொதுமக்கள் பார்க்கமுடியுமா? அதில் என்ன பார்க்கவேண்டும்? (பல்கலைக்கழக மாணவி)

பதில்: பார்க்கமுடியும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ளவேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு அறிவிக்கப்படவேண்டும். மறுத்தால் முதலில் சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பின்னர் தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். தெரிவு நடந்துகொண்டிருக்கையில் போட்டி நிறுவனங்களின் வர்த்தக இரகசியத்தைக் காட்டிச் சிலவற்றை மறுக்கக்கூடும். பணி வரையறை அப்படிப்பட்ட இரகசியமன்று. அதைச் சபைதான் எழுதியது.

கையில் கிடைத்ததும் முதலில் பார்க்கவேண்டியது, யாருடைய நிலத்தில் வேலை என்பது சொல்லப்பட்டிருக்கிறதா என்பதை. நகருக்குள் வரும் ஏ6, ஏ12, ஏ15 வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. குழாய்கள் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்குரியவை. உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம், அதற்குத் தனித் திணைக்களம். கோட்டைப் பக்கம் போனால் தொல்பொருள் திணைக்களமும் உண்டு, மான்களும் உண்டு. மான்கள் அனுமதி கேட்காமல் நடமாடும், நாம் கேட்டே ஆகவேண்டும். இவ்வளவு கடிதங்களையும் எழுதி அனுமதி பெற்றுத் தருவது ஆலோசகரா சபையா என்பது ஒரு வரியில்கூட இல்லாத பணி வரையறைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்ததாக, ஆலோசகர் களத்துக்கு எப்போது வரவேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பங்குனியில் வந்து காய்ந்த தரையை அளந்துவிட்டுப் போகிறவருக்கு எங்கே தண்ணீர் நிற்கும் என்பது தெரியாது. கார்த்திகை, மார்கழியில் குறைந்தது ஒருமுறையாவது மழை பெய்யும்போதே களப்பார்வை நடக்கவேண்டும் என்ற வாசகம் அதில் இல்லையென்றால், கேள்விகோரல் வெளியாவதற்கு முன்பே சபைக்கு எழுதுங்கள்.