டெப் பேக்கேஜ் (டெபியன், உபுண்டுவில் இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) செய்யும்போது கம்பைலரையும் பில்ட் டூல்களையும் டிபெண்டென்சியில் எழுத வேண்டுமா?

கேட்டவரின் பிரச்சினை இது: சி++ ப்ராஜெக்ட். லேப்டாப்பில் பில்ட் ஆகிறது, சர்வரில் சிமேக் (பில்டை அமைத்துத் தரும் டூல்) இல்லை என்று நின்றுவிடுகிறது. கம்பைலரான ஜிசிசி, சிமேக் இரண்டையும் டிபெண்ட்ஸ் வரியில் போட்டுவிடலாமா என்கிறார்.

வேண்டாம். டிபெண்ட்ஸ் என்பது பேக்கேஜை இன்ஸ்டால் செய்பவருக்கான வரி. அங்கே சிமேக்கைப் போட்டால், உங்கள் புரோகிராமை ஓட்ட மட்டும் நினைக்கிறவர் கணினியிலும் சிமேக் இறங்கும். அதன் இடம் கன்ட்ரோல் ஃபைலின் சோர்ஸ் பகுதியில் இருக்கும் பில்ட்-டிபெண்ட்ஸ் வரி. ஜிசிசி, ஜி++, மேக் மூன்றையும் டெபியனிலும் உபுண்டுவிலும் எழுதத் தேவையில்லை. இவை அடங்கிய பில்ட்-எசென்ஷியல் தொகுப்பு ஏற்கெனவே இருக்கிறது என்ற கணக்கில்தான் பில்ட் தொடங்கும். ஃபெடோராவில் அப்படி இல்லை. 2018இல் வந்த ஃபெடோரா 29 முதல் ஜிசிசியையும் பில்ட்ரிக்வயர்ஸில் (பில்ட்-டிபெண்ட்ஸுக்கு அங்கே உள்ள பெயர்) எழுதியாக வேண்டும். எனக்கு அந்த முறைதான் பிடிக்கும். வெறும் பைத்தான் பேக்கேஜுக்கு எதற்கு சி கம்பைலர்?

உங்கள் பில்ட் நின்றது ஒருவகையில் நல்லது. நிற்காமல் முடிந்துவிடுகிற பில்டைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். பெங்களூருவில் எங்கள் டீமில் பாதிப் பேர் தமிழ்தான். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவரின் பேக்கேஜ் சர்வரில் சுத்தமாக பில்ட் ஆனது, ஆனால் எச்டிடிபிஎஸ் முகவரி எதையும் திறக்கவில்லை. "அண்ணா, என் லேப்டாப்ல ஓடுதே" என்றார். லாகைத் திறந்து பார்த்தோம். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஒரே ஒரு வரி: "குட் நாட் ஃபைண்ட் ஓப்பன்எஸ்எஸ்எல்". வேறொரு வேலைக்காக அவர் லேப்டாப்பில் எச்டிடிபிஎஸுக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் டெவலப்மென்ட் பேக்கேஜான லிப்எஸ்எஸ்எல்-டெவ் இருந்தது, சர்வரில் இல்லை. சிமேக் அந்த வசதியை விட்டுவிட்டு மேலே போய்விட்டது.

இதற்கு மருந்து இரண்டு. சிமேக்கில் ஃபைண்ட்_பேக்கேஜ் எழுதும்போது கூடவே ரிக்வயர்டு என்று போடுங்கள். சிமேக்குக்குப் பதில் மெசான் என்றால் ஆட்டோவில் இருக்கும் ஆப்ஷன்களை எனேபிள்டு ஆக்குங்கள். லைப்ரரி இல்லையென்றால் பில்ட் அங்கேயே நிற்க வேண்டும். அப்புறம், லேப்டாப்பில் பில்ட் ஆவதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எஸ்பில்ட் அல்லது பிபில்டரில் ஓட்டுங்கள். இவை காலியான சூழலில் பில்ட்-எசென்ஷியலையும் நீங்கள் எழுதியதையும் மட்டும் போட்டு பில்ட் செய்யும். லைப்ரரிகளைத் தேடித் தரும் பிகேஜிகான்ஃப் போன்ற ஒன்று விட்டுப்போயிருந்தால் உடனே தெரிந்துவிடும். ஃபெடோராவில் இதே வேலைக்கு மாக் இருக்கிறது.

சரி, டிபெண்ட்ஸ் வரியில் என்னதான் எழுதுவது? ஷேர்டு லைப்ரரிகளைக் கையால் எழுதவே வேண்டாம். அங்கே எஸ்எச்லிப்ஸ் வேரியபிளைப் போட்டால், உருவான பைனரியைப் பார்த்து டிபிகேஜி-எஸ்எச்லிப்டெப்ஸ் என்ற டூல் பட்டியலை நிரப்பிவிடும், குறைந்தபட்ச வெர்ஷன் உட்பட. ஷெல் ஸ்கிரிப்டிலிருந்து வேறு கமாண்டை அழைத்தால் அதை நீங்களே சேர்க்க வேண்டும்.

எந்த உபுண்டுவில் பில்ட் செய்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். 24.04இல் ஜிலிப்சி (சி புரோகிராம்களுக்கான அடிப்படை லைப்ரரி) 2.39, 22.04இல் 2.35. புதியதில் செய்த பைனரி பழையதில் ஜிலிப்சி வெர்ஷன் போதவில்லை என்று ஓட மறுக்க வாய்ப்பு அதிகம். இரண்டிலும் ஓட வேண்டுமென்றால் எஸ்பில்டில் இரண்டு ரிலீஸுக்கும் தனித்தனி சூழல் வைத்துத் தனித்தனியாக பில்ட் செய்யுங்கள்.