சாப்பாடு போடுகிறார்கள் என்பதற்காக எட்டு மணி நேரமா?

வெளிநாட்டுப் பயணத்தில், தங்க இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பதிலாகத் தினம் நான்கு மணி நேரம் வேலை என்று பேசிவிட்டு, விடுதியில் எட்டு மணி நேரம் வேலை வாங்குகிறார்கள், கேட்டால் ‘தங்க இடமும் சாப்பாடும் தருகிறோமே’ என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை. படுக்கை விரிப்புகளை நீங்கள் மாற்றாவிட்டால் விடுதிக்காரர் சம்பளத்துக்கு ஆள் வைத்தே ஆக வேண்டும். அப்படியானால் அது உதவி இல்லை, வேலைதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு ஒப்பந்தமே கூலியில் ஒரு பகுதியைத்தான் பொருளாகத் தரலாம், அதன் மதிப்பும் நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது.

உங்களுக்குத் தருவது போன்ற படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் வெளியே ஒரு நாளைக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். அதை அங்குள்ள ஒரு மணி நேரக் குறைந்தபட்சக் கூலியால் வகுத்தால், அதற்கு எத்தனை மணி நேர வேலை ஈடு என்று தெரியும்; அதை எழுதிக் காட்டிப் பேசுங்கள். மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

அப்புறம், சுற்றுலா விசா என்றால் பல நாடுகளில் இதுவும் வேலையாகவே கணக்கு. பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.