கல்லூரியில் மாணவர்களுக்குக் கிடைக்கும் இலவச, சலுகைச் சேவைகளை முழுமையாகப் பயன்படுத்துவது எப்படி?

முதல் வாரத்திலேயே கல்லூரி மின்னஞ்சலைச் செயல்படுத்துங்கள். பெரும்பாலான சலுகைகள் அதைத்தான் கேட்கும். நிரல் எழுத உதவும் ஜெட்பிரெயின்ஸ், வடிவமைப்புக்கான ஆட்டோடெஸ்க் மென்பொருள்களின் மாணவர் உரிமம் இலவசம். ஓராண்டு செல்லும், படிக்கும்வரை புதுப்பிக்கலாம். ஆனால் காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு ஆகாது. சரிபார்ப்பில் நிராகரித்தால் பெயரைப் பாருங்கள்: அடையாள அட்டையில் இனிஷியல், கணக்கில் முழுப்பெயர் என்றிருந்தால் பொருந்தாது. அட்டையில் நடப்பு ஆண்டு இல்லாவிட்டாலும் சிக்கல்தான். அப்போது, நீங்கள் அங்கே படிப்பதாகக் கல்லூரி தரும் சான்றிதழைப் பதிவேற்றுங்கள்.

பலர் தவறவிடுவது நூலகத்தை. ஆய்விதழ்க் கட்டுரைக்குப் பணம் கேட்டால் உடனே கட்டிவிடாதீர்கள். நீங்கள் கல்லூரி இணையத்துக்கு வெளியே இருப்பதால் அப்படிக் கேட்கலாம். நூலக இணையதளம் வழியாக உள்நுழைந்து மறுபடி தேடுங்கள். அங்கும் இல்லையென்றால், வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க முடியுமா என்று நூலகரிடம் கேளுங்கள். அதற்கு நாளாகும் என்பதால் முன்கூட்டியே கேட்பது நல்லது.

மனநல ஆலோசனை இருந்தால் தயங்காமல் போங்கள். தேர்வு நெருங்கினால் கூட்டம் கூடும். அதற்கு முன்பே நேரம் வாங்குங்கள்.

படிப்பு முடியுமுன் கோப்புகளை நகலெடுத்து, எல்லாக் கணக்குகளிலும் கல்லூரி மின்னஞ்சலுக்குப் பதில் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள். கல்லூரி முகவரி முடங்கிவிட்டால் கடவுச்சொல் மீட்புக் கடிதம்கூட வந்து சேராது.